நிழலைப் பின்தொடர்ந்து குமரி வரை

ஏப்ரல் 24-ஆம் தேதி, உச்சி வெயில். பரங்கிமலை மாதா கோயிலின் வெளிமுற்றத்தில் என் அண்ணன் மகள் ஒரு மீட்டர் நீளக் குச்சியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். குச்சி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, தெரிந்த கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு பக்கத்தில் தொங்கியது. காலையில் முழநீளம் இருந்த நிழல் குறுகிக்கொண்டே வந்து சாண் ஆனது, விரல் ஆனது. பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்குக் குச்சியின் அடிக்குள் புகுந்து காணாமல் போனது. எங்கள் நிழல்களும் செருப்புக்கடியில் ஒடுங்கிவிட்டன.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “பன்னிரண்டு மணிக்குத்தானே சூரியன் உச்சிக்கு வரணும் சித்தப்பா? ஏன் ஏழு நிமிஷம் லேட்டு?”

நிழல் மறைந்ததிலும் அந்த ஏழு நிமிடத்திலும்தான் நாங்கள் கிளம்பிவந்த காரியம் முழுவதும் இருந்தது. சூரியன் அன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருந்தது. சென்னையும் அதே 13 பாகையில் இருப்பதால் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்தது. இது அட்சக்கோட்டின் கணக்கு. நம் கடிகாரமோ சென்னையின் நேரத்தைக் காட்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகை தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் ஒரு பாகை மேற்கே நகர நான்கு நிமிடம் ஆகும். சென்னை அந்தக் கோட்டுக்கு இரண்டேகால் பாகை மேற்கே இருப்பதால் ஒன்பது நிமிடம் பிந்துகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிடம் திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் ஏழு. ஒரே நிழல், நாம் நிற்கும் இடத்தின் இரண்டு எண்களையும் சொல்லிவிட்டது.

பள்ளிப் புத்தகம் இந்த இரண்டு கோடுகளையும் ஒரே பக்கத்தில், ஒரே படத்தில், இரட்டைப் பிள்ளைகளைப்போல் அறிமுகப்படுத்துகிறது. படுக்கைக் கோடு அட்சம், நெடுக்குக் கோடு தீர்க்கம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிக் கடந்துவிடுகிறோம். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. பிறப்பிலேயே வேறுபட்டவை இவை. பூமி சுழல்வதால் அதற்கு இரண்டு துருவங்கள் உண்டு. துருவங்கள் இருப்பதால் நடுக்கோடு உண்டு. அட்சக்கோட்டின் பூச்சியம் எங்கே என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியதில்லை. தீர்க்கக்கோடுகளோ பரங்கிக்காயின் வரிகளைப்போல் காம்பிலிருந்து அடிவரை ஒரே மாதிரி ஓடுகின்றன. எந்த வரியை முதல் வரி என்று சொல்வது? நம் நாட்டு வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியே செல்லும் கோட்டை முதலாகக் கொண்டன. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸைக் கொண்டார்கள். கடைசியில் 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி வாக்கெடுத்தன; 22 நாடுகள் லண்டனுக்கு அருகேயுள்ள கிரீனிச்சை ஏற்றன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் ஒதுங்கிக்கொண்டன. அட்சம் வானத்தில் எழுதியிருக்கிறது. தீர்க்கத்தை மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

இதைத் தரையில் நடந்து பார்க்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை. சொந்த ஊர்ப் பற்றில் இதைச் சொல்லவில்லை. நாங்கள் நின்ற மலையே அதற்குச் சான்று. மலைமேல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. மாதாவைக் கும்பிட வருகிறவர்களில் அதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடிவாரத்தில்தான் அவர் இந்தியாவை அளக்கத் தொடங்கினார்.

லாம்டன் ராணுவக்காரர். 1799-இல் திப்பு சுல்தான்மீது படையெடுத்துச் சென்ற கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்தவர். ஒரு இரவு நடைப்பயணத்தின்போது, படைப்பிரிவு தெற்கே போவதாக நினைத்துக்கொண்டு வடக்கே திப்புவின் பாசறையை நோக்கியே போய்க்கொண்டிருப்பதை நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துத் தளபதி பெயர்டிடம் சொன்னவர் அவர்தான். திப்பு வீழ்ந்து மைசூர் கைக்கு வந்ததும், புதிதாய்ப் பிடித்த நிலத்துக்குக் கும்பினிக்குச் சரியான வரைபடம் தேவைப்பட்டது. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் அளந்தார்கள். லாம்டனுக்கு மட்டும் அதற்கு மேலும் ஓர் ஆசை இருந்தது. பூமி சரியான கோளமா, துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதை அறிய, நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று அவர் அளக்க விரும்பினார். பூமி துருவத்தில் தட்டை என்பதால் ஒரு பாகை அட்சம் எல்லா இடத்திலும் ஒரே நீளம் இல்லை. நம் பக்கம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தின் அருகே 111.7. அந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் இத்தனை பாடும்.

மலையிலிருந்து தெற்கே பார்த்தோம். விமான நிலையத்தின் ஓடுபாதை, மேம்பாலங்கள், அடுக்குமாடிகள், தூரத்தில் வெயிலில் மங்கிய பெரும்பாக்கம் திசை. இங்கிருந்து அந்தப் பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு லாம்டன் ஓர் அடிக்கோடு போட்டார். நூறடி நீள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது அது. சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் செய்து, வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன்பிறகே அடுத்த நூறடிக்கு நகர்ந்தார்கள். எஃகு வெயிலில் நீளும் என்பதால் அவ்வளவு கவனம். ஏறத்தாழ 400 முறை இப்படி எடுத்து வைத்தார்கள். வேலை மே 22 வரை நடந்தது. அக்கினி நட்சத்திரத்தில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சங்கிலி தூக்கிய நம்மூர்க் கூலிகளின் பெயர் எந்தச் சிலைக்கடியிலும் இல்லை. சிலை முன்னால் நின்றபோது எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது.

அடிக்கோடு கிடைத்துவிட்டால் பிறகு தரையைத் தொட வேண்டியதில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்தால், அந்தக் குன்றின் தூரம் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாகக் கொள்ளலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து நாட்டையே அளந்துவிடலாம். சென்னையிலிருந்து மங்களூருக்கு இப்படிக் கோத்துப் போனபோது, பழைய வரைபடங்களில் 400 மைல் இருந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. அதுவரை நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது.

மறுநாள் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போனோம். புயல் நாட்களில் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்க்கும் வானிலை ஆய்வு மையத்தின் வளாகம். அனுமதி பெற்று உள்ளே போனால், பரபரப்பான அந்த அலுவலகத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. பத்து டன் எடை. மேலே 1792 என்ற ஆண்டும், கட்டடத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும். தூணில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள். அண்ணன் மகள் தமிழ் வரிகளை விரலால் தடவி எழுத்துக் கூட்டினாள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய நடை அவளுக்குத் தட்டினாலும் எழுத்துகள் பிடிபட்டன.

வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தன் சொந்த ஆர்வத்தில் தொடங்கிய வானாய்வுக்கூடம் பிறகு அரசின் கைக்கு வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைகொண்டது. டாப்பிங்கின் முயற்சியால் 1794-இல் தொடங்கிய நிலஅளவைப் பள்ளியே பின்னர் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. வானத்தையும் நிலத்தையும் அளக்கும் இரண்டு கல்விகளும் சென்னையில் ஒன்றாகப் பிறந்தவை.

பத்து டன் கல் எதற்கு? இந்தத் தூணின்மேல் ஒரு தொலைநோக்கி பொருத்தியிருந்தது. வடக்கு தெற்காக மட்டுமே மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூடத் திரும்பாது. ஒரு நட்சத்திரம் அதன் நடுக்கம்பியைக் கடக்கும் கணம்தான் சென்னையின் நேரம். தூண் அசைந்தால் நேரம் பிசகும். நேரம் பிசகினால் தீர்க்கக்கோடு பிசகும். ஒரு வினாடி தவறினால் நம் அட்சத்தில் 450 மீட்டர் தள்ளிப்போய்விடுவோம். தீர்க்கக்கோட்டை அறிய, இங்கே மணி என்ன என்பதோடு, அதே கணத்தில் கிரீனிச்சில் மணி என்ன என்பதும் தெரிய வேண்டும். மின்சாரம் செய்தி கொண்டுபோகாத காலத்தில் ஆறு மாதக் கப்பல் தூரத்தில் உள்ள ஊரின் மணியை எப்படி அறிவது?

அதற்கு வியாழன் உதவியது. வியாழனைச் சுற்றும் நிலவுகள் அதன் நிழலுக்குள் புகுந்து மறைவது உலகெங்கும் ஒரே கணத்தில் தெரியும். அது கிரீனிச் நேரப்படி எப்போது நிகழும் என்று முன்கூட்டியே அட்டவணை அச்சிட்டிருந்தார்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்து பார்த்து, உள்ளூர் மணியைக் குறித்து, அட்டவணை மணியைக் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். வானாய்வாளர் ஜான் கோல்டிங்காம் இந்த வழியில் 1802-இல், பரங்கிமலையில் சங்கிலி போட்ட அதே ஆண்டில், சென்னை கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று முடிவுகண்டார். அதுதான் மெட்ராஸ் நேரம். பின்னாளில் இந்திய ரயில்கள் இந்த நேரத்தைப் பார்த்தே ஓடின. 1906 ஜனவரி 1-இல் இன்றைய இந்திய நேரம் வரும்வரை இந்தத் தூணே நாட்டின் பெரும்பகுதிக்கு மணி சொன்னது. லாம்டனும் தன் தீர்க்கக்கோட்டுக் கணக்கை இங்கிருந்துதான் எண்ணத் தொடங்கினார்.

அண்ணன் மகள் அங்கேயே ஒரு கணக்குப் போட்டாள். 5 மணி 21 நிமிடம் 14 வினாடியைப் பாகையாக்கினால் 80 பாகை 18½ கலை (மினிட்). கைப்பேசியோ தூணின் பக்கத்தில் 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. வித்தியாசம் நேரத்தில் வெறும் 15 வினாடி. தரையில் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். தூணிலிருந்து நேர் கிழக்கே ஏழு கிலோமீட்டர் போனால் மெரினாவைத் தாண்டி வங்கக் கடலுக்குள் இருப்போம். கோல்டிங்காமைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. இரவுக் காற்றில் துடிக்கும் ஒரு புள்ளி மங்கி மறையும் கணத்தைக் கண்ணால் பிடித்து, பாதி உலகத்துக்கு அப்பாலுள்ள ஊரோடு ஒப்பிட்டு, பதினைந்து வினாடிக்குள் நெருங்கியது பெரும் சாதனை. அந்தத் தவறால் இந்தியாவுக்குள் ஊருக்கு ஊர் உள்ள தூரம் மாறவில்லை, மொத்த நாடும் வரைபடத்தில் சற்றுக் கிழக்கே தள்ளி அமர்ந்தது, அவ்வளவுதான். பிற்பாடு தந்தி வந்து மணியை நொடியில் ஒப்பிட முடிந்தபோது அதைத் திருத்திக்கொண்டார்கள்.

இதே கோல்டிங்காம் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளின் ஒளியைப் பார்த்தும் ஓசையைக் கேட்டும் ஒலியின் வேகத்தை அளந்தார் என்று சொன்னபோது, “அப்போ இந்த ஊரே ஒரு லேப் மாதிரி இருந்திருக்கு” என்றாள் அவள். அவளை மாம்பலத்தில் வீட்டில் விட்டு, இன்னொரு குச்சியை எடுத்துக்கொண்டு நான் தெற்கே கிளம்பினேன். 27-ஆம் தேதி உச்சிவேளையில் அவள் மொட்டை மாடியிலும் நான் கன்னியாகுமரியிலும் நிழலை அளப்பது என்று பேச்சு.

எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ். கைப்பேசியில் அட்சத்தின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. திண்டிவனம் தாண்டி விழுப்புரத்துக்கு முன்னால் 12 பாகையைக் கடந்தோம். தூக்கம் கலைந்து பார்க்கையில் ஆடுதுறைப் பக்கம் 11 பாகை கடந்துகொண்டிருந்தது. வெளியே கிழக்கு வெளுக்கும் முன்னான இருட்டு. அந்த நேரத்தில் மனத்தில் ஓடிய கணக்கொன்றைச் சொல்ல வேண்டும். சென்னையில் சூரியன் உதிப்பதற்கும் குமரியில் உதிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்? சென்னை 2¾ பாகை கிழக்கே இருப்பதால் எப்போதும் பதினொரு நிமிடம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மார்கழிச் சூரியன் தெற்கே போய்விடுவதால் தெற்கிலுள்ள குமரிக்குப் பகல் நீளம் அதிகம். அங்கே சூரியன் ஒன்பது நிமிடம் முன்கூட்டியே எழுந்துவிடுகிறது. ஆக டிசம்பர் 21 அன்று சென்னைக்கும் குமரிக்கும் உதயத்தில் இரண்டு நிமிட வேறுபாடுதான். ஜூன் 21 அன்று இதே ஒன்பது நிமிடம் மறுபக்கம் சேர்ந்து இருபது நிமிடமாகிவிடுகிறது. தீர்க்கக்கோடு ஆண்டு முழுவதும் பதினொரு நிமிடம் என்கிறது. அட்சக்கோடு பருவத்துக்கேற்ப அதில் கூட்டுகிறது, கழிக்கிறது. நாட்காட்டித் தாளில் ஊருக்கு ஊர் உதய நேரம் மாறுவது இப்படித்தான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் காலையிலேயே போய்விட்டேன். வெயில் ஏறாத வேளையில் விமானம் முழுவதும் தேன் நிறம். காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். லாம்டனுக்கு இங்கே கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகைநாட்டுக் கடற்படையிடம் தப்பிய அந்தக் கருவி 1808-இல் இங்கே விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. கோணத்தை அளக்கும் வட்டம் கோணலாகிவிட்டால் எல்லாம் போனதுபோலத்தான். லாம்டன் புதிய கருவிக்குக் காத்திருக்கவில்லை. கருவியைப் பிரித்துப் போட்டு, ஆறு வாரம் அதனோடேயே அடைந்து கிடந்து, வட்டத்தை மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். அந்தச் செப்பனிட்ட கருவிதான் பிறகும் பல்லாண்டு இந்தியாவை அளந்தது. ராஜராஜன் கட்டி எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு பூமியின் வடிவத்தை அறிய அந்த விமானம் தோள்கொடுத்ததை, கோயிலில் ஒரு பலகையிலாவது எழுதி வைக்கலாம்.

தஞ்சையிலிருந்து பேருந்து. மேலூரைத் தாண்டியதும் 10 பாகை. மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தை நெருங்கும் இடத்தில் இன்னொரு எண்ணும் முழுமையாயிற்று: 78 பாகை தீர்க்கக்கோடு. குமரிக்கு அருகிலிருந்து இமயமலை அடிவாரம்வரை சுமார் 2,400 கிலோமீட்டருக்கு லாம்டனும் அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட்டும் கோத்த முக்கோண வரிசை இந்தக் கோட்டை ஒட்டியே வடக்கே ஓடுகிறது. சாலையில் எந்த அடையாளமும் இல்லை. ஒரு பரோட்டாக் கடை, ஒரு பஞ்சர் ஒட்டும் கடை, கருவேலங்காடு. கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் 9 பாகையும் கழிந்தது.

27-ஆம் தேதி காலையில் குமரிக் கடற்கரையில் வள்ளங்கள் ஏறியிருந்தன. மாதா கோயிலுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் அருகில் உட்கார்ந்தேன். அவருடைய மகன் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக் காட்டினார். மீன் கிடைத்த இடங்களெல்லாம் டிகிரி, மினிட் கணக்கில் வரிசையாக இருந்தன. அட்சத்தில் ஒரு மினிட் என்றால் கடலில் ஒரு மைல் என்று அவருக்கு மனக்கணக்கு. முதியவர் கருவியைப் பார்க்காமலேயே பேசினார்.

“எங்க அப்பா காலத்துல இது ஏது சார்? கடல்ல நின்னு பாத்தா மாதா கோயில் கோபுரமும் மருந்துவாழ்மலை உச்சியும் ஒண்ணு மேல ஒண்ணு வரணும். அந்த நேருலயே போவாவ. மேக்க பாத்தா இன்னும் ரெண்டு அடையாளம். அதுவும் எப்ப ஒண்ணா வருதோ, அங்ஙன கீழ பாரு கிடக்கும். கல்லைப் போட்டா மீனு.”

இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால் ஒரு கோடு. வேறு இரண்டு சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறை. அட்சமும் தீர்க்கமும் செய்வதும் இதையேதான். லாம்டனின் கணிதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது; ஆனால் ஓரிடத்தை இரண்டு கோடுகளால் கட்டிப்போடும் அறிவு அவர் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உச்சிவேளை நெருங்கியதும் சமதளமான கல்தரையில் குச்சியை நிறுத்தினேன். தூக்குக்குண்டு கடற்காற்றில் ஆடியதால் முதியவரின் பேரன் அதை இரு கையாலும் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நின்றான். 12 மணி 7 நிமிடத்துக்குச் சென்னையிலிருந்து அழைப்பு: “சித்தப்பா, இங்க முடிஞ்சிருச்சு. ஒன்றரை சென்டிமீட்டர். தெற்கே விழுது!” எங்கள் பக்கம் நிழல் இன்னும் குறுகிக்கொண்டிருந்தது. 12:17-ஐத் தாண்டிய பிறகுதான் மிகக் குட்டையாகி நின்றது. பத்து நிமிடத்துக்குச் சற்று மேலான அந்தத் தாமதம் 2¾ பாகை தீர்க்கம். நிழலின் நீளம் பத்து சென்டிமீட்டர். அது தெற்கே, கடலைப் பார்த்து விழுந்தது. சூரியன் எப்போதும் நமக்குத் தெற்கே இருப்பதாகவே நினைத்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமான காட்சி. கோடையில் சூரியன் குமரியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது; உச்சி நிழல் தென்கடலை நோக்கிச் சாய்கிறது.

மீதியை அவள் தொலைபேசியிலேயே போட்டாள். நிழல்களின் நீளத்தைக் கோணமாக்கினால் அவளுடையது 0.86 பாகை, என்னுடையது 5.71. வித்தியாசம் 4.85. மாம்பலத்துக்கும் குமரிக்கும் வடக்குத் தெற்குத் தூரம் சுமார் 545 கிலோமீட்டர். 4.85 பாகைக்கு 545 என்றால் 360 பாகைக்கு? கிட்டத்தட்ட 40,450 கிலோமீட்டர். துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கைத்தான் இரண்டு குச்சிகளை வைத்து நாங்கள் திரும்பச் செய்தோம். நிழலை ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்திருந்தால் விடை ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு மாறியிருக்கும். நிழலின் ஓரமோ அந்த மில்லிமீட்டரைவிட மங்கலானது. பரங்கிமலையடியில் சங்கிலிக்குக் கூடாரம் போட்டு வெப்பமானி வைத்ததன் பொருள் எனக்கு அந்த நேரத்தில்தான் முழுவதும் உறைத்தது.

இரவு விளக்கொளி குறைந்த இடம் தேடி வட்டக்கோட்டைப் பக்கம் போய் வடக்கே பார்த்தேன். சப்தரிஷி மண்டலத்தின் முதல் இரண்டு நட்சத்திரங்களைக் கோடாக நீட்டிக்கொண்டே போனால் துருவ நட்சத்திரம். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே நாம் நிற்கும் ஊரின் அட்சம். குமரியில் எட்டுப் பாகைதான். நீட்டிய கையில் மடக்கிய முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை. முட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழேயே, அடிவானத்துப் புழுதியில் மங்கி, அது இருந்தது. சோழமண்டலக் கரையின் பழைய மாலுமிகள் இந்த உயரத்தை ராப்பலகையால் அளந்தார்கள். கையடக்கமான மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, எந்த முடிச்சு தங்களருகே வருகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். முடிச்சு பொருந்திவிட்டால் கரையை நோக்கித் திரும்பினால் போதும், ஊர் வந்துவிடும். அட்சத்தை இப்படிக் கயிற்றில் முடிந்து வைக்க முடிந்தது. தீர்க்கத்தை முடிய எந்தக் கயிறும் இல்லை. கடலில் தீர்க்கத்தை அறிய 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஆட்டத்திலும் பிசகாத கடிகாரம் வரவேண்டியிருந்தது.

லாம்டன் இமயத்தைப் பார்க்கவில்லை. 1823-இல், எழுபதை எட்டும் வயதில், வேலைக்கு நடுவே மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். முக்கோணங்கள் வடக்கே போய் 1841-இல் இமயத்தடியில் முடிந்தன. அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்ட அட்ச வித்தியாசமும் தரையில் முக்கோணத்தால் கண்ட அட்ச வித்தியாசமும் ஐந்து விகலை (செகண்ட்) அளவுக்கு ஒத்துவரவில்லை. இமயமலை தன் நிறையால் தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்கிறது என்று ஜான் பிராட் என்ற பாதிரியார் 1850-களில் கணக்கிட்டார். ஆனால் அவர் கணக்குப்படி அந்த இழுப்பு மும்மடங்கு இருந்திருக்க வேண்டும். மலைக்கடியில் எடை குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது, அதனால்தான் இழுப்பு குறைவு என்ற விளக்கம் அதிலிருந்து பிறந்தது. பரங்கிமலையடியில் தொடங்கிய அளவை, பூமியின் மேற்பரப்பை அளக்கப் போய் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டது.

இத்தனையும் நம் ஊர்களில் நடந்தது. பரங்கிமலைச் சிலையையும் நுங்கம்பாக்கத் தூணையும் தஞ்சை விமானத்தையும் ஆண்டுதோறும் எத்தனையோ பள்ளிச் சுற்றுலா வண்டிகள் கடந்துபோகின்றன. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நிழலில்லா நாள் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. சித்திரையை ஒட்டிய முதல் முறை: கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 அல்லது 11, மதுரைக்கு 15 அல்லது 16, திருச்சிக்கும் தஞ்சைக்கும் 18, சென்னைக்கு 24. உங்கள் ஊரின் அட்சத்தைப் பார்த்து நாளைக் கணித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டப் பள்ளி ஒன்றோடு பேசி வைத்து, ஒரே நாளில் இரு இடத்திலும் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் குச்சி, ஒரு அளவுகோல், நூலில் கட்டிய ஒரு கல், சமமான தரை, இவை போதும். அதற்கு முந்தைய வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்த வேண்டாம். அளந்து முடித்த பிறகு புத்தகத்தைத் திறங்கள்.